களஞ்சியத்தில் அடங்காத சரக்கு

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதுங்கள் என்று வாசக நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்த முறை எழுதுகிறேன். ஆனால் கோட்டைக் களஞ்சியத்தைக் காட்டிவிட்டு, அங்கிருந்து உங்களை எரிவாயு வியாபாரத்துக்கு அழைத்துப் போகப்போகிறேன். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் வாயால் சொன்ன ஒரு சொல்லால் எங்கள் குடும்பத்தில் ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய் போயிற்று. அது ஏன் போயிற்று என்று புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. சம்பந்தப்பட்டவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2022 செப்டம்பர். என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். திண்டிவனத்தில் கடை வைத்திருக்கிறான். பேச்சு உலக நடப்புக்குப் போயிற்று. எனக்குப் பிரெஞ்சு வானொலி கேட்கும் பழக்கம் உண்டு. படித்த மொழி துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று இப்போது கைப்பேசியில் கேட்கிறேன். அந்த நாட்களில் அதில் பேச்சே ஒன்றுதான். உக்ரைன் போரால் ரஷ்யா ஐரோப்பாவுக்குக் குழாயில் அனுப்பிய எரிவாயுவை நிறுத்திவிட்டது, குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது என்ற கவலை. நான் பெரிய மேதாவி போல, "பாரேன், இந்தக் குளிருக்கு கேஸ் விலை எங்கேயோ போகப்போகுது" என்றேன்.

அவன் அதைக் கேட்டுக்கொண்டு போனான். அடுத்த வாரம் எம்.சி.எக்ஸ். சந்தையில் இயற்கை எரிவாயு ஒரு லாட் வாங்கிவிட்டான். என்னிடம் பிறகுதான் சொன்னான். இரண்டு லட்ச ரூபாய் முன்பணம் கட்டி, எட்டேமுக்கால் லட்ச ரூபாய்ச் சரக்கு. வாங்கிய விலை 700 ரூபாயை ஒட்டி.

மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தச் சரக்கு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் நாங்கள் இருவரும் எங்கே சறுக்கினோம் என்பது விளங்கும்.

நான் புதுச்சேரியில் என் தாய்மாமன் வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். செஞ்சிப் பிள்ளைக்குத் தென்பெண்ணையும் சங்கராபரணியும் தெரியாதபோதே கரோன் நதி எங்கே பாய்கிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பூகோளப் புத்தகத்தில் லாக் என்ற ஊரின் படம் இருந்தது. பிரான்சின் தென்மேற்கில், பிரெனே மலை அடிவாரத்தில் இருக்கிறது. எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்கு அங்கே 1951 டிசம்பரில், மூன்றரை கிலோமீட்டருக்கும் கீழே, பயங்கர அழுத்தத்தில் எரிவாயு கிடைத்தது. அந்த வாயுவில் கந்தக நஞ்சு கலந்திருந்தது. சாதாரண எஃகுக் குழாயை அரித்து உடைத்துவிடும். அதைத் தாங்கும் எஃகைச் செய்து, கந்தகத்தைப் பிரித்து, 1957-இல்தான் வாயுவை வெளியே விற்க முடிந்தது. பூமிக்குள் இருப்பது சொத்தாவதற்கு ஆறு வருடம்! எங்கள் முசியே பலகையில் ஒரு கோடு போட்டு, "நிலக்கரி வண்டியில் போகும், எண்ணெய் பீப்பாயில் போகும், வாயு குழாய் போகும் இடத்துக்குத்தான் போகும்" என்று சொன்னது நினைவிருக்கிறது. பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவர் அல்ஜீரியாவில் இருந்தவர். சகாராப் பாலைவனத்தில் மணலுக்குக் கீழே கடல்போல வாயு இருப்பதாகச் சொல்வார். உண்மைதான், ஹாசி ரமேல் வயல் 1956-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் நடுவில் மத்தியதரைக் கடல். கடலடியில் குழாய் போடும் வித்தை அப்போது கைவரவில்லை. அதற்கு வழி கண்டார்கள். வாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிர்வித்தால் அது திரவமாகிறது. 600 பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இதுதான் எல்.என்.ஜி. 1964-இல் அல்ஜீரியாவின் அர்சூ துறைமுகத்தில் இருந்து இங்கிலாந்துக்கும், 1965-இல் 'ஜூல் வெர்ன்' என்ற கப்பலில் பிரான்சின் ல ஹாவ்ருக்கும் சரக்கு போயிற்று. எரிவாயு கடல் கடந்த வியாபாரப் பொருளானது அப்போதுதான். ஆனாலும் ஒரு முனையில் குளிர்விக்கும் ஆலை வேண்டும், நடுவில் அதற்கென்றே கட்டிய கப்பல் வேண்டும், மறுமுனையில் மறுபடி வாயுவாக்கும் நிலையம் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் சரக்கு நகராது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேலைக்குப் போன பிறகு கண்ணால் கண்டது. புதுச்சேரி அரசுப் பணியில் என்னைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். இரவுப் பேருந்தில் நாகை பக்கம் போகும்போது நரிமணம் திசையில் வானம் சிவந்து தெரியும். முதல் முறை பார்த்தபோது வைக்கோல் போர் தீப்பற்றிக்கொண்டதோ என்று பதறினேன். பக்கத்தில் இருந்தவர், "அது கேஸ் சார், எண்ணெயோட வருது, வச்சிக்க இடமில்லாம கொளுத்துறாங்க" என்றார். காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுத்தபோது கூடவே வந்த வாயு. வாங்குபவனும் குழாயும் இல்லாத இடத்தில் அது குப்பை. அதே வாயுவுக்குக் குழாய் போட்ட பிறகு, காரைக்கால் டி.ஆர்.பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின் நிலையம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. தமிழகப் பக்கத்தில் திருமாகோட்டை, குத்தாலம், ராமநாதபுரம் வழுதூர் நிலையங்களும் இப்படி அந்தந்தப் பகுதி வாயுவை நம்பி வந்தவைதான். கொளுத்தி எறிந்த பொருளுக்கு விலை வந்தது எதனால்? வாயு மாறவில்லை. குழாய் வந்தது.

அந்த மண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மீத்தேன் என்ற சொல் டெல்டா விவசாயிகள் வாயில் வசவுச்சொல் போல ஆனது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த நம்மாழ்வார் 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே காலமானார். நெடுவாசல் போராட்டம் 2017-இல். 2020-இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. சந்தையில் திரையில் ஓடும் விலையில் இந்தக் கணக்கு எதுவும் சேராது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி அளவுக்கு வருவோம். நம் அடுப்படியில் இருக்கும் சிலிண்டரில் உள்ளது புரொப்பேனும் பியூட்டேனும். சற்று அழுத்தினாலே திரவமாகிவிடும் சாதுவான பொருள். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். இரண்டும் வேறு. எரிவாயுவை எடையில் விற்பதைவிட வெப்பத்தில் விற்பதே வழக்கம். உலக வியாபாரத்தில் அலகு எம்.எம்.பி.டி.யூ.; பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு என்று பொருள். எங்கள் பள்ளியில் படித்த 'தெர்மி' என்ற பிரெஞ்சு அலகில் அது சுமார் 252. இதெல்லாம் வேண்டாம், வீட்டுக் கணக்கு சொல்லுங்கள் என்பவர்களுக்கு: ஒரு எம்.எம்.பி.டி.யூ. என்பது ஏறக்குறைய ஒன்றரைச் சமையல் சிலிண்டர் தரும் வெப்பம்.

இப்போது கோட்டைக்கு வாருங்கள். ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அப்பால் போனால் பெரிய களஞ்சியத்தைப் பார்க்கலாம். தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே போனால் மத்தியான வெயிலிலும் குளிர்ச்சி. உல்லாசப் பயணிகள் அதைப் பார்க்காமல் மலை ஏறப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தக் கோட்டையில் பிடித்த கட்டடமே அதுதான். மலையும் மதிலும் எதிரியைத் தடுக்கும். உள்ளே இருப்பவனை உயிரோடு வைப்பது நெல்.

முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். இடையில் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். 1692 கடைசியில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டிருந்த படைக்குத் தானியம் வரும் பாதைகளை அடைத்தார்கள். பட்டினி வந்தது கோட்டைக்குள் அல்ல, வெளியே இருந்த முகாமில்! 1693 ஜனவரியில் ஜுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. வந்தவாசி இங்கிருந்து எவ்வளவு தூரம், உங்களுக்கே தெரியும். அங்கே சோறு கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை. அதே வருடம், அதே நெல், அதே சீமை.

இதை நான் சொல்வது, நெல்லுக்கு எப்போதாவது போர்க்காலத்தில் வரும் இந்த நிலைமை எரிவாயுவுக்கு அன்றாட நிலைமை என்பதற்காக. நம் ஊர் மார்க்கெட் கமிட்டிக்குப் போய் நில்லுங்கள். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏலக் களத்தில் மலைபோலக் குவியும். விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி மூட்டையை வீட்டுக்கே திருப்பிக்கொண்டு போகலாம். திண்டிவனம் போகலாம், விழுப்புரம் போகலாம். ஒரு ஊரில் விலை கூடினால் இரண்டு நாளில் நாலு லாரி அங்கே போய் நிற்கும், விலை சமமாகிவிடும். எரிவாயுவுக்கு இந்த வசதி இல்லை. குழாயின் மறுமுனையில் வாங்குபவன் இன்றைக்கு வேண்டாம் என்றால் கிணற்றை மூட வேண்டும், அல்லது நிலத்தடிச் சேமிப்பில் அடைக்க வேண்டும், அல்லது நரிமணத்தில் கண்டதுபோலக் கொளுத்த வேண்டும். அதனால் தங்கத்துக்கும் கச்சா எண்ணெய்க்கும் இருப்பதுபோல உலகம் முழுமைக்கும் ஒரே விலை இதற்கு இல்லை. அமெரிக்காவில் ஒரு விலை, ஐரோப்பாவில் ஒரு விலை, ஆசியாவில் ஒரு விலை. ஒன்றைவிட ஒன்று ஏழெட்டு மடங்கு கூட இருந்த காலமும் உண்டு.

இப்படிப்பட்ட பொருளை நம்பி யார் கோடிக்கணக்கில் குழாயும் கப்பலும் கட்டுவான்? அதற்காக வந்ததுதான் நீண்டகால ஒப்பந்தம். 20 வருடம், 25 வருடம் என்று எழுதிக்கொள்கிறார்கள். நம் ஊர்க் குத்தகை போலத்தான். மழை பெய்தாலும் பொய்த்தாலும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டும். அதுபோல, வாங்குபவன் சரக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறித்த அளவுக்குப் பணம் கட்டவேண்டும். விலையைப் பெரும்பாலும் கச்சா எண்ணெய் விலையில் இத்தனை விழுக்காடு என்று கட்டிவிடுவார்கள். உதாரணத்துக்கு 12 விழுக்காடு என்று எழுதியிருந்தால், எண்ணெய் பீப்பாய் 80 டாலர் விற்கும்போது வாயு 9.60 டாலர்.

இந்தியா இந்த முறையில்தான் உள்ளே நுழைந்தது. பெட்ரோநெட் நிறுவனம் 1999-இல் கத்தார் நாட்டோடு வருடத்துக்கு 75 லட்சம் டன்னுக்கு 25 வருட ஒப்பந்தம் போட்டது. 2004-இல் குஜராத்தின் தஹேஜில் முதல் கப்பல் வந்தது. 2015-இல் எண்ணெய் விலை சரிந்தபோது ஒப்பந்த விலை சந்தை விலையைவிட வெகுதூரம் மேலே நின்றுவிட்டது. பெட்ரோநெட் அந்த வருடம் சரக்கைக் குறைத்து எடுத்தது. பேசிப்பேசி, 2015 கடைசி நாளில் விலைக் கணக்கைத் திருத்தி, ஏறக்குறைய பாதியாக்கினார்கள். குத்தகைக்காரன் பண்ணையாரிடம் போய்ப் பேசி அளவைக் குறைத்துக்கொண்டது போல. உறவு முறியவில்லை, 2024 பிப்ரவரியில் அதே ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டித்தார்கள்.

உள்நாட்டில் பழைய வயல்களில் எடுக்கும் வாயுவுக்கு அரசு விலை வைக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து அது இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 விழுக்காடு. ஆனால் 4 டாலருக்குக் கீழே போகாது, 6.50 டாலருக்கு மேலே போகாது என்று வரம்பு வைத்தார்கள். மேல்வரம்பு 2025-இல் 6.75 ஆயிற்று. நம் மாநிலத்தில் எண்ணூரில் 2019 மார்ச்சில் எல்.என்.ஜி. நிலையம் திறந்தது, வருடத்துக்கு 50 லட்சம் டன் கொள்ளளவு. அங்கிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று சுமார் 1,400 கிலோமீட்டருக்குக் குழாய்த் திட்டம். முசியே போட்ட பலகைக் கோடு கடைசியில் நம் சீமைக்கும் வந்துவிட்டது.

மூட்டை நெல்லைப் போல வாயுவையும் ஏலத்தில் வாங்கி விற்க முடியுமா? முடியும் என்று 2020 ஜூன் 15 அன்று இந்திய எரிவாயுச் சந்தை தொடங்கினார்கள். ஐ.ஜி.எக்ஸ். என்பார்கள். நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு, அடுத்த மாதத்துக்கு என்று, குழாயில் உண்மையாகவே சரக்கு கைமாறும் சந்தை. உர ஆலை, கண்ணாடி ஆலை, நகர எரிவாயு நிறுவனம் போன்றவர்கள் வருமிடம். இது நம் கமிட்டி மாதிரி: சரக்கு இருக்கிறவன் விற்கிறான், தேவைப்படுகிறவன் வாங்குகிறான்.

என் தங்கை மகன் போனது இங்கே இல்லை. அவன் போனது முன்பேரச் சந்தைக்கு.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் எராத் என்ற சிற்றூர். பல குழாய்கள் கூடும் சந்திப்பு அங்கே இருக்கிறது. ஹென்றி ஹப் என்று பெயர். 1990 ஏப்ரலில் நியூயார்க் சந்தை, இந்தச் சந்திப்பில் ஒப்படைக்கும் வாயுவுக்கு முன்பேர ஒப்பந்தங்களைத் தொடங்கியது. நோக்கம் நல்ல நோக்கம்தான். குளிர்காலத்தில் வாயு தேவைப்படும் ஆலைக்காரன் கோடையிலேயே விலையை உறுதி செய்துகொள்ளலாம், கிணற்றுக்காரனும் அப்படியே. அவர்கள் விட்ட ஆபத்தை எடுத்துக்கொள்ள இடையில் வியாபாரிகள். ஆனால் அதே கதவு வழியாக, வாயுவின் வாசனையே அறியாதவர்களும் உள்ளே வரலாம். 2006 செப்டம்பரில் அமராந்த் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் இந்த ஒரு சரக்கில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்து மூழ்கிப்போனது. முந்தைய வருடம் கத்ரீனா புயலால் விலை ஏறியது போல மறுபடி ஏறும் என்று நம்பியிருந்தார்கள். அந்த வருடம் புயல் பெரிதாக வரவில்லை.

நம் எம்.சி.எக்ஸ். சந்தையில் ஓடும் எரிவாயு விலை, இந்த நியூயார்க் விலையின் நிழல். டாலரை ரூபாயாக்கிக் காட்டுவார்கள். ஒரு லாட் 1,250 எம்.எம்.பி.டி.யூ. விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் 1,250 ரூபாய் லாபம் அல்லது நஷ்டம். சரக்கு எதுவும் கைக்கு வராது. வித்தியாசத்தைப் பணமாகக் கட்டித் தீர்ப்பதோடு சரி. வியாழக்கிழமை தோறும் அமெரிக்க அரசு நிலத்தடிச் சேமிப்பில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று கணக்கு வெளியிடும். நம் நேரத்துக்கு அவர்கள் கோடையில் இரவு 8 மணி, குளிர்காலத்தில் 9 மணி. அந்த நிமிடத்தில் விலை துள்ளும். அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சேமிப்பு நிரம்பும், நவம்பர் முதல் மார்ச் வரை குறையும். களஞ்சியக் கணக்கேதான், ஆனால் களஞ்சியம் இருப்பது லூசியானாவிலும் டெக்ஸாஸிலும். செஞ்சியில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது 2022-க்குத் திரும்புவோம். ஐரோப்பாவில் தட்டுப்பாடு என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆகஸ்ட் கடைசியில் அங்கே மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது, கேள்விப்படாத விலை. ஆனால் இவன் வாங்கியது ஐரோப்பிய விலையை அல்ல, லூசியானா விலையை. இரண்டுக்கும் நடுவே கடல் இருக்கிறது. கடலைத் தாண்ட ஆலையும் கப்பலும் வேண்டும். டெக்ஸாஸில் ஃப்ரீபோர்ட் என்ற இடத்தில் இருந்த பெரிய ஏற்றுமதி ஆலை 2022 ஜூன் 8 அன்று வெடித்துத் தீப்பிடித்தது. அடுத்த பிப்ரவரியில்தான் மறுபடி சரக்கு ஏற்றியது. கப்பலேற வேண்டிய வாயு அமெரிக்காவுக்குள்ளேயே தேங்கியது. சேமிப்பு நிரம்பியது, விலை இறங்கியது. ஐரோப்பாவும் சும்மா இருக்கவில்லை. கிடைத்த கப்பலையெல்லாம் வாங்கி நவம்பருக்குள் தன் சேமிப்பில் சுமார் 95 விழுக்காடு நிரப்பிவிட்டது. அக்டோபரில் ஸ்பெயின் கரையில் இறக்க இடமில்லாமல் கப்பல்கள் காத்து நின்றன.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. செப்டம்பர் கடைசியில் அவன் போன் செய்தான். "மாமா, இறங்கிக்கிட்டே இருக்கு மாமா. நீங்கதானே ஏறும்னு சொன்னீங்க?" அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுடா. பிரான்ஸ் நிதி அமைச்சரே டை கட்டாம கழுத்து மூடின ஸ்வெட்டர் போட்டுக்கப்போறேன்னு வானொலியில சொல்றார். குளிர் வரட்டும்." அமைச்சர் சொன்னது உண்மை. ஆனால் பாரீஸ் அமைச்சரின் ஸ்வெட்டருக்கும் எராத் ஊர்க் குழாய்க்கும் சம்பந்தமில்லை என்பது ஒரு குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் அந்த மாத ஒப்பந்தத்தை முடித்து அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் நேரில் வந்தான். முன்பணம் கரைந்துவிட்டது, மேலும் கட்டச் சொல்கிறார்கள், மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன் என்றான். என் மனைவி உள்ளே காபி கலந்துகொண்டிருந்தவள் வெளியே வந்து நின்றாள். நான் கேட்டேன்: "நீ வாங்கின கேஸ் எங்கடா இருக்கு?" அவன் விழித்தான். "1,250 யூனிட்டுன்னா ஆயிரத்துத் தொள்ளாயிரம் சிலிண்டர் கணக்கு. அது எந்த ஊர்ல இருக்கு, யார் வாங்குவா, எப்படிப் போய்ச் சேரும்னு உனக்குத் தெரியுமா?" அவன், "உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியாத சரக்கு. அடகு வேண்டாம், முடித்துவிடு என்றேன். அன்று விலை 560-ஐ ஒட்டி இருந்தது. யூனிட்டுக்கு 140 ரூபாய் இறக்கம், 1,250-ஆல் பெருக்கினால் 1,75,000 ரூபாய்.

அந்த இழப்பில் பாதி என்னுடையது என்று 87,500 ரூபாயை என் டெபாசிட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். "தப்பு உங்க வாய் மேலேயும் இருக்கு, குடுத்துடுங்க" என்று என் மனைவிதான் அவன் பையில் வைத்தாள். தீபாவளி வந்தபோது விலை 450-க்கும் கீழே. அடுத்த பிப்ரவரியில் 200-க்கும் கீழே. சங்கிலியை அடகு வைத்துக் காத்திருந்தால் ஆறு லட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

பெரியவர்களுக்கும் அடி விழாமல் இல்லை. நம் பொதுத்துறை நிறுவனமான கெயில், ரஷ்ய கேஸ்ப்ராமோடு 2012-இல் 20 வருட ஒப்பந்தம் போட்டிருந்தது. சரக்கு அனுப்ப வேண்டிய துணை நிறுவனத்தை ஜெர்மனி 2022-இல் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்கள் நின்றன. இங்கே உர ஆலைகளுக்குக் கொடுக்கும் வாயுவைக் குறைக்க வேண்டிவந்தது. கெயிலிடம் வக்கீல் இருந்தார்கள், வேறு ஒப்பந்தங்கள் இருந்தன, தாங்கியது. திண்டிவனம் கடைக்காரனிடம் என்ன இருக்கிறது? ஒரு சங்கிலி.

ஓய்வு பெற்ற நண்பர்களுக்குச் சொல்கிறேன். இப்போது கைப்பேசியில் இரவு நேரத்தில் இந்த விளம்பரங்கள் நமக்கும் வருகின்றன. பிராவிடண்ட் ஃபண்டு, கிராஜுவிட்டி வந்த மாதம் பார்த்து வருகின்றன. வியாபாரம் தப்பில்லை; ஆலைக்காரனுக்கு அந்தச் சந்தை தேவை. ஆனால் வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு எந்த ஊரில் இருக்கிறது? அதை வைக்க இடம் எவ்வளவு மிச்சம்? அது வெளியே போக வழி திறந்திருக்கிறதா? பதில் தெரியாவிட்டால் செய்தித்தாளில் படித்த தட்டுப்பாடு உங்களுக்கு உதவாது. கிள்ளுக்கீரை விற்கும் அம்மாவுக்குக்கூட இந்த மூன்றும் தன் கீரையைப் பற்றித் தெரியும்.

போன வாரம் அவன் வந்திருந்தான். பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டவேண்டும் என்றான். எனக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது. அவர்கள் ராஜகிரி ஏறட்டும் என்று கீழே களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தபின் பெரிய பெண் கேட்டாள், "தாத்தா, இவ்வளவு பெரிய இடத்துல என்ன வச்சிருந்தாங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா சொன்னான்: "நெல்லு வச்சிருந்தாங்கம்மா. கையால அள்ளிப் பாக்கிற நெல்லு."

என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.